சேணம் தைத்தவர் மகன்

செம்பரம்பாக்கத்திலிருந்து தோழர் ஒருவர் சென்ற வாரம் நம்மைக் காண வந்திருந்தார். திருமழிசையிலே ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். மேடையேறிப் பேசியவரல்லர், மேடை கட்டுகிறவர். கொடிக்கம்பம் நட வேண்டுமா, இரவோடு இரவாகச் சுவரொட்டி ஒட்ட வேண்டுமா, முதல் ஆளாக வந்து நிற்பார். அப்படிப்பட்டவர் அன்று நாற்காலியின் நுனியிலே உட்கார்ந்துகொண்டு, சொல்ல வந்ததைச் சொல்ல மாட்டாமல் வெகுநேரம் தவித்தார்.

இளைய மகளைப் பற்றிய பேச்சு. மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். ஆண்டுக்காண்டு பார்வை மங்கி, இப்போது எதிரே நிற்பவரின் உருவம் மட்டுமே நிழல்போலத் தெரிகிறது. கரும்பலகை தெரியவில்லை, புத்தகம் தெரியவில்லை. மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்திலே (எந்தப் பள்ளி என்று நாம் எழுதப் போவதில்லை) பிள்ளை வகுப்பில் சும்மா உட்கார்ந்திருப்பதால் யாருக்கும் பயனில்லை, வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று பக்குவமாகச் சொல்லியிருக்கிறார்கள். தோழர் அதை ஏற்றுக்கொண்டுவிட்டார். நம்மிடம் அவர் கேட்க வந்தது ஒன்றுதான்: உதவித்தொகைக்கு மனு எங்கே போடுவது, யாரைப் பார்ப்பது?

மனுவை எழுதிக் கொடுத்தோம். ஆனால் அவர் கேட்டதைவிடக் கேட்காமல் விட்டதே நம் நெஞ்சை அறுத்தது. படிப்பைப் பற்றி ஒரு சொல், ஒரே ஒரு சொல், அவர் வாயிலிருந்து வரவில்லை! கண் போயிற்று, ஆகவே கல்வியும் போயிற்று என்று கணக்கை முடித்துவிட்டார். அவர்மீது குற்றமில்லை. அப்படித்தான் அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

இத்தனைக்கும் அவர் ஊரிலிருந்து பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் பூவிருந்தவல்லி. நாம் வாய்க்கு வசதியாகப் பூந்தமல்லி என்கிறோமே, அதே ஊர். பார்வையற்ற பிள்ளைகளுக்கென்று அரசு நடத்தும் மேல்நிலைப் பள்ளி அங்கே இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கேதான். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு பேருந்து ஏறும் மாணவர்களைத் தோழர் பலமுறை பார்த்திருக்கிறார். இடம் விட்டு எழுந்தும் நின்றிருக்கிறார். அவர்கள் எதைக் கொண்டு படிக்கிறார்கள் என்று கேட்டோம். தெரியாது என்றார். தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை என்றார், சற்று வெட்கத்தோடு.

அன்று அவருக்கு ஒரு மனிதனின் கதையைச் சொன்னோம். அதையே இன்று எல்லாத் தோழர்களுக்கும் எழுதுகிறோம்.

பிரெஞ்சு நாட்டிலே, பாரிஸ் மாநகருக்குக் கிழக்கே, கூவ்ரே என்றொரு சிற்றூர். அங்கே 1809ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் பிறந்தவன் லூயி பிரெயில். தந்தை சிமோன் ரெனே, குதிரைக்குச் சேணமும் கடிவாளமும் தைக்கும் தொழிலாளி. நாலு பிள்ளைகளில் லூயி கடைக்குட்டி. மாளிகையிலே பிறந்தவனல்லன் தோழர்களே, தோல் வாடை வீசும் பட்டறையிலே தவழ்ந்தவன்!

மூன்று வயதிலே, தந்தை அப்பால் சென்ற நேரம் பார்த்து, பிள்ளை பட்டறை மேசைமீதிருந்த தோல் துளைக்கும் ஊசியை எடுத்தான். நம் ஊரில் தெருமுனையில் செருப்புத் தைக்கும் தோழர் கையிலே மரப்பிடி போட்ட குத்தூசி இருக்கிறதல்லவா, அந்த இனம். அப்பாவைப் போலவே தானும் தோலைத் துளைக்கப் பார்த்தான். ஊசி வழுக்கிற்று, கண்ணிலே பாய்ந்தது. புண் சீழ்ப்பிடித்தது. கிருமி என்ற சொல்லே மருத்துவர்களுக்குத் தெரியாத காலம். ஒரு கண்ணின் நோய் மறு கண்ணுக்கும் பரவி, ஐந்து வயது நிரம்புவதற்குள் இரண்டும் அணைந்தன.

அம்பத்தூரிலும் திருமழிசையிலும் இரும்பைக் கடைகிற தோழர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி போடாமல் ஒரே ஒரு நிமிடம் குனிந்ததற்கு விலை கொடுத்தவர்கள் நம்மிடையே உண்டு.

அந்தக் காலத்தில் பார்வை இழந்த ஏழைப் பிள்ளைக்கு ஒரே வழிதான் வைத்திருந்தார்கள்: கோயில் வாசல், கையிலே ஒரு தட்டு. சிமோன் ரெனேயும் மனைவி மோனிக்கும் அந்த வழிக்குப் பிள்ளையை அனுப்பவில்லை. தந்தை கோல் ஒன்று செதுக்கிக் கொடுத்தார். அதைத் தட்டித் தட்டி ஊர்த் தெருக்களைப் பிள்ளை மனத்திலே வரைந்துகொண்டான். பட்டறை வேலையில் கைகொடுத்தான். பிறகு அந்தத் தொழிலாளி செய்ததைக் கேளுங்கள்: பலகையிலே ஆணிகளை எழுத்து வடிவாக அறைந்தார். குமிழ்த் தலை ஆணிகள். மகனின் விரலைப் பிடித்து அவற்றின்மேல் ஓட்டினார். கல்வித் துறை அறிஞரல்லர் அவர். ஆனாலும் கண்ணுக்குள் நுழையாத எழுத்து விரல் வழியாக நுழையும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கையால் வேலை செய்கிறவனுக்குக் கையின் அறிவு தெரியாமலா போகும்?

ஊர்ப் பாதிரியார் பல்லூய் பிள்ளையைப் பக்கத்திலே வைத்துக்கொண்டு பாடம் சொன்னார். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் பெஷெரே அவனை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்தே வகுப்பில் உட்கார வைத்தார். இந்த ஆசிரியரின் பெயரை நாம் அழுத்தி எழுதுகிறோம். வரலாறு பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது இப்படிப்பட்டவர்களை ஒரு வரியிலே கடந்து போய்விடும். சட்டம் கட்டாயப்படுத்தியதா அவரை? இல்லை. பயிற்சி கொடுத்தார்களா? இல்லை. பிள்ளைக்குக் காது இருக்கிறது, நினைவு இருக்கிறது, அது போதும் தொடங்க என்று எண்ணினார். லூயியும் கேட்டதை மறவாதவன்; வகுப்பில் முன்னணிக்கு வந்தான்.

ஆனால் காதால் எவ்வளவு தூரம் போக முடியும்? மற்றவர்கள் புத்தகத்தைப் பிரிக்கும் நேரம் வரும். அப்போது அவன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பான். வகுப்பில் இடம் கொடுத்தாயிற்று. ஆனால் புத்தகம் கொடுக்க யாராலும் முடியவில்லை. செம்பரம்பாக்கத்துச் சிறுமியின் நிலையும் இன்று இதுவே. இடம் கொடுப்பது முதற்படி மட்டுமே என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

ஊர்ப் பிரபு ஒருவரின் பரிந்துரையோடு, 1819 பிப்ரவரி 15ஆம் நாள், பத்து வயது லூயி பாரிஸில் இருந்த பார்வையற்ற சிறுவர் பள்ளியிலே சேர்ந்தான்.

உலகத்திலேயே அந்த வகையில் முதலாவது பள்ளி அது. தொடங்கியவர் வாலண்டைன் ஹாயி. பாரிஸ் சந்தை ஒன்றிலே பார்வையற்றவர்களுக்குக் கோமாளித் தொப்பியும் பொய்க் கண்ணாடியும் மாட்டிவிட்டு, கையிலே இசைக் கருவியைக் கொடுத்து, கூட்டம் கைகொட்டிச் சிரித்ததைக் கண்டு குமுறியவர். 1780களிலே பிச்சையெடுத்துக்கொண்டிருந்த லெசூர் என்ற இளைஞனை அழைத்து வந்து முதல் மாணவனாக்கினார். பிச்சையில் கிடைப்பது நின்றுபோனால் குடும்பம் என்ன தின்னும் என்று அவன் கேட்க, அந்தத் தொகையைத் தாமே கொடுத்துப் படிக்க வைத்தார். பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அழைத்த நாட்டிலே இருக்கும் நமக்கு இது நன்றாகவே விளங்கும்.

ஹாயி கண்ட முறை, சாதாரண பிரெஞ்சு எழுத்தையே தாளில் புடைத்து நிற்கும்படி அச்சிடுவது. நல்ல நோக்கம், ஆனால் இடர்ப்பாடு பெரிது. ஒவ்வோர் எழுத்தும் பெரிதாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் வளைவையும் நெளிவையும் விரல் தடவித் தடவி இன்னதென்று ஊகிக்க வேண்டும். ஒரு வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். புத்தகமோ தூக்க முடியாத பாரம், அச்சிடும் செலவோ மலை, நூலகத்திலிருந்த நூல்களோ மிகச் சில. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த முறையில் மாணவன் படிக்கலாமே தவிர எழுத முடியாது! எழுத முடியாத கல்வி என்ன கல்வி? பிறர் சொல்வதை வாங்கிக்கொள்ளலாம். தன் சொல்லைத் திருப்பித் தர வழியில்லை.

ஏன் அப்படி அமைந்தது? அமைத்தவர் கண்ணுள்ளவர். அவர் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த எழுத்தை விரலின்மீது சுமத்தினார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. எனினும் விரலை அவர் கேட்கவில்லை.

பள்ளிக் கட்டடம் பழையது, ஈரம் கசிவது. புரட்சிக் காலத்திலே சிறைக்கூடமாயிருந்தது. பிற்காலத்தில் லூயியைத் தின்ற காசநோய்க்கு அந்த ஈரச் சுவர்களே காரணம் என்று கருதுவோர் உண்டு. படிப்போடு கைத்தொழிலும் கற்பித்தார்கள்; காலணி செய்யும் பிரிவுக்கு லூயி மேற்பார்வை பார்த்தான். தோலும் ஊசியும் அவனை விடவில்லை!

1821ஆம் ஆண்டிலே சார்ல் பார்பியே என்னும் முன்னாள் பீரங்கிப் படை அதிகாரி ஒரு புது முறையோடு பள்ளிக்கு வந்தார். எழுத்து வடிவங்கள் இல்லை. புடைத்த புள்ளிகள் மட்டும். பன்னிரண்டு புள்ளிகள், இரு நிரல்களாக, நிரலுக்கு ஆறு. அவற்றின் சேர்க்கையால் ஒவ்வோர் ஒலியையும் குறிக்கலாம். கையடக்கமான பலகையும் ஊசியும் இருந்தால் எழுதவும் எழுதலாம்.

மாணவர்களின் விரல்கள் அந்தப் புள்ளிகளைத் தொட்டதும் துள்ளின. கோட்டைவிடப் புள்ளி விரலுக்குச் சட்டென்று விளங்கிற்று. ஆனால் பன்னிரண்டு வயது லூயி குறைகளையும் கண்டுவிட்டான். பன்னிரண்டு புள்ளிகளின் உயரம் விரல் நுனிக்குள் அடங்கவில்லை. ஓர் எழுத்தைப் படிக்க விரலை மேலும் கீழும் ஆட்ட வேண்டியிருந்தது. ஒலியைத்தான் குறித்ததே தவிர, சொல்லின் சரியான எழுத்துக் கூட்டைக் காட்டவில்லை. நிறுத்தற்குறி இல்லை, எண் இல்லை, இசைக் குறி இல்லை. இவற்றைச் சுட்டிக் காட்டியபோது, பெரியவருக்குச் சின்னவன் சொன்னது பிடிக்கவில்லை என்கிறார்கள். படைத்தலைமையில் இருந்தவருக்குப் பள்ளிப் பிள்ளை பாடம் சொல்வதா?

சிறுவன் விடவில்லை. பகலில் பாடம், பட்டறை. இரவிலே மற்றவர் உறங்கியபின் தாளும் ஊசியும். விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் அதே வேலை. மூன்றாண்டுகள். 1824இல், பதினைந்தாம் வயதிலே, முறை ஓர் உருவுக்கு வந்தது. பன்னிரண்டைப் பாதியாக்கி ஆறு புள்ளிகள்: இரண்டு நிரல், நிரலுக்கு மூன்று. ஒரு விரல் நுனி ஒரே தொடுதலில் முழுவதையும் அறியும். ஆறு புள்ளிகளுக்குள் அறுபத்து மூன்று வடிவங்கள்! எழுத்துகள், எண்கள், நிறுத்தற்குறிகள், இசைக் குறிகள் யாவும் அதற்குள் அடங்கின. மேலே உள்ள நாலு புள்ளிகளால் முதல் பத்து எழுத்துகள். அவற்றோடு கீழ்ப்புள்ளி ஒன்று சேர்த்தால் அடுத்த பத்து. இரண்டு சேர்த்தால் மிச்சம். பிள்ளைகள் ஒரு பத்தைக் கற்றால் மற்றவை தாமே வரும்படியான அமைப்பு. எளிமையின் உச்சம் என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

அந்த ஆறு புள்ளிகளுக்கு அழகில்லை என்று கண்ணுள்ளவர்கள் சொன்னார்கள். ஆமாம், கண்ணுக்கு அழகில்லைதான்! கண்ணுக்காக அது செய்யப்படவில்லையே!

1828இல் அதே பள்ளியிலே துணை ஆசிரியர், 1833இல் முழு ஆசிரியர். இனி அவரை அவர் என்றே எழுதுவோம். 1829இல் தம் முறையை விளக்கி நூல் வெளியிட்டார். விந்தை பாருங்கள்: புள்ளி எழுத்தின் பெருமையைச் சொன்ன அந்த நூல் பழைய புடைப்பு எழுத்திலேதான் அச்சாக வேண்டியிருந்தது. அதில் புள்ளிகளோடு சிறு கோடுகளும் இருந்தன. மாணவர்களுக்குக் கோடுகள் தொல்லையாயிருந்ததால், 1837ஆம் ஆண்டுப் பதிப்பிலே கோடுகளை எடுத்தெறிந்தார். தாம் கண்டதே முடிந்த முடிவு என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. பிள்ளைகளின் விரல்கள் என்ன சொல்கின்றன என்று கேட்டுத் திருத்திக்கொண்டார்.

இலக்கணம், புவியியல், கணக்கு, இசை எல்லாம் கற்பித்தார். தொடக்க மாணவர்களுக்கெனக் கணக்கு நூல் எழுதினார். பாரிஸ் தேவாலயங்களிலே ஆர்கன் வாசித்தார். கண்டிக்க வேண்டிய மாணவனையும் குரல் உயர்த்தாமல் கண்டிப்பாராம். 26 வயதளவில் காசநோய் தலைகாட்டிற்று. அன்றைக்கு அதற்கு மருந்தில்லை.

நோயைவிடக் கொடியதொன்று 1840இல் வந்தது. லூயிக்கு ஆதரவாயிருந்த தலைவர் பீஞ்யே நீக்கப்பட்டார். துஃபோ என்பவர் பள்ளித் தலைவரானார். புள்ளி எழுத்துக்குத் தடை!

துஃபோவின் வாதத்தை நாம் நேர்மையாகவே எடுத்து வைக்கிறோம். பார்வையற்றவர்களுக்குத் தனி எழுத்தைக் கொடுத்தால் அவர்கள் சமுதாயத்திலிருந்து பிரிந்து தனியே போய்விடுவார்கள். எல்லோரும் படிக்கும் எழுத்தையே அவர்களும் படிக்கட்டும் என்பது அந்தத் தரப்பு. கேட்பதற்குச் சமத்துவம் போலவே ஒலிக்கிறது! நம் காலத்திலும் இந்தக் குரலைக் கேட்கிறோம்: எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே கரும்பலகை, ஒரே தேர்வு, இதில் என்ன பாகுபாடு என்கிறார்கள். கரும்பலகை தெரியாத பிள்ளைக்கும் அதே கரும்பலகையைக் காட்டுவது சமத்துவமா? வாய்க்குறுகிய குடத்தில் கொக்குக்கும் தட்டையான தட்டில் நரிக்கும் விருந்து வைத்த பழங்கதை நமக்குத் தெரியும். குடத்தை நரியின் முன்னே வைத்துவிட்டு, பந்தி பொதுவானது என்று பேசுவதா?

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஒடியா மொழியிலேயே பாடம் நடத்தப்பட்டதுண்டு. அதுவும் இதே வழக்கின் இன்னொரு கிளைதான். இப்போதைக்கு அதை விரிக்காமல் விடுகிறோம்.

தடை போட்டவர்கள் ஒன்றை மறந்தார்கள். கற்ற எழுத்தை விரலிலிருந்து பிடுங்க முடியாது. மாணவர்கள் ஒளித்து ஒளித்து எழுதினார்கள். பின்னல் ஊசி, ஆணி, கைக்குக் கிடைத்தது எதுவாயினும் எழுதுகோலாயிற்று என்று சொல்வார்கள். மூத்தவன் இளையவனுக்குக் கற்றுக் கொடுத்தான். தலைமறைவு வாழ்க்கை வாழ்ந்த எழுத்து அது!

லூயி என்ன செய்தார்? எதிர்த்துக் கூச்சலிடவில்லை. தடைக்கு முந்திய ஆண்டே, 1839இல், அந்த வாதத்துக்கு அவர் செயலால் பதில் சொல்லியிருந்தார். பார்வையற்றவர் புள்ளிகளைக் குத்திக் குத்தி, கண்ணுள்ளவர் படிக்கும் சாதாரண எழுத்தின் வடிவத்தையே தாளில் எழுப்பும் இன்னொரு முறையை வெளியிட்டார். பார்வையற்ற மகன் ஊரிலுள்ள தாய்க்குத் தன் கையாலேயே கடிதம் எழுதலாம், தாய் படிக்கலாம். அவருடைய நண்பர் ஃபூக்கோ, அவரும் பார்வையற்றவரே, அதற்கென ஒரு பொறியைச் செய்தார். தட்டச்சுப் பொறியின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. சமுதாயத்திலிருந்து பிரிந்துபோக நினைத்தவர் செய்கிற வேலையா இது?

துணைத் தலைவராயிருந்த குவாதே பிள்ளைகள் எழுதுவதைக் கண்காணித்தார், கண்டார், மனம் மாறினார், துஃபோவின் மனத்தையும் மாற்றினார். பள்ளி புதுக் கட்டடத்துக்குப் போயிற்று. 1844 பிப்ரவரியில் திறப்பு விழா. பெரிய மனிதர்கள் கூடியிருந்த அவையிலே குவாதே இந்த எழுத்தின் வரலாற்றைச் சொன்னார். பிறகு சோதனை. ஒரு பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, ஒரு பாடலைச் சொல்லச் சொல்ல மற்றொரு பிள்ளை புள்ளிகளில் எழுதிற்று. வெளியே போன பிள்ளையை அழைத்து அந்தத் தாளைக் கொடுத்தார்கள். விரலை ஓட்டிற்று, பிசகின்றிப் படித்தது! மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறார்கள் என்று முணுமுணுக்க இனி யாருக்கும் வழியில்லை. அவையோரின் வரிசையில் லூயியும் உட்கார்ந்திருந்தார்.

அதன்பின் எட்டாண்டுகள்கூட அவர் இல்லை. 1852 ஜனவரி 6ஆம் நாள், 43ஆம் பிறந்தநாள் முடிந்த இரண்டாம் நாள், மறைந்தார். பாரிஸ் நாளேடு எதுவும் அச்செய்தியைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய உடைமைகளில் சிறு பெட்டி ஒன்று. திறக்காமல் எரித்துவிடுங்கள் என்று சொல்லிவைத்திருந்தார். நண்பர்களால் ஆவலை அடக்க முடியவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே மாணவர்களின் கடன் சீட்டுகள்! தம் சிறு சம்பளத்திலிருந்து கொடுத்த கடனையெல்லாம் நெருப்புக்குத் தள்ளுபடி எழுதிவிட்டுப் போயிருந்தார்.

இரண்டாண்டு கழித்து, 1854இல், பிரெஞ்சு நாடு அவர் எழுத்தை முறைப்படி ஏற்றது. 1878இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மாநாடு அதையே பொதுவாகக் கைக்கொள்ளப் பரிந்துரைத்தது. அமெரிக்காவிலே ஒன்றுக்கு மேற்பட்ட புள்ளி முறைகள் போட்டியிட்டு நெடுநாள் குழப்பின; அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம். நூறாண்டு கழித்து, 1952இல், கூவ்ரே கல்லறையிலிருந்து அவர் உடலை எடுத்துச் சென்று, நாட்டின் பெரியோர் உறங்கும் பாந்தியோன் மண்டபத்தில் வைத்தார்கள். ஹெலன் கெல்லர் பாரிஸுக்கு வந்திருந்தார். கைகளை மட்டும் பிறந்த ஊர் விட்டுக் கொடுக்கவில்லை. அவை கூவ்ரேயிலேயே பேழையில் இருக்கின்றன. மண்டபத்தைவிட அந்த ஊரார் செய்ததே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சரி, பிரெஞ்சுக்காரன் செய்தான், தமிழுக்கு என்ன என்று தோழர் கேட்டார். நல்ல கேள்வி!

பாளையங்கோட்டையிலே 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளி தொடங்கி, புள்ளிகளைத் தமிழுக்குப் பழக்கினார். இந்திய மொழிகளுக்கு ஆளுக்கொரு முறையாக இருந்த நிலை மாறி, 1951இல் எல்லாவற்றுக்கும் பொதுவான பாரதி பிரெயில் வந்தது. நம் கவிஞர் பெயரென்று நினைத்துப் பெருமைப்படுகிறோம்; அது நாட்டின் பெயரை ஒட்டியது. தமிழுக்கு 247 எழுத்தாயிற்றே, 63 வடிவத்தில் எப்படி அடங்கும்? உயிர்மெய்யைப் பிரித்துவிட்டால் அடங்கும். அகரத்துக்கு ஒரே புள்ளி, இடப்பக்கத்து மேல் மூலையில். ககரத்துக்கு இரண்டு. அச்சிலே கொகரம் எழுத ஒற்றைக்கொம்பை முன்னே போட்டுக் காலைப் பின்னே போடுகிறோம். புள்ளியிலே ககரம், அடுத்து ஒகரம், அவ்வளவே. ஒலிக்கும் வரிசையிலேயே எழுத்து வருகிறது. இந்த ஒன்றில் நம் அச்செழுத்தைவிட அது நேர்வழி நடக்கிறது.

இப்போதுதான் கைபேசியே படித்துச் சொல்கிறதே, புள்ளி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. காதால் மட்டும் தமிழ் கற்ற பிள்ளை மரத்துக்கும் மறத்துக்கும், பனிக்கும் பணிக்கும், எந்த எழுத்தென்று எப்படி அறியும்? பார்பியேயின் முறை ஒலியோடு நின்றுபோனதைப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் கண்டு குறை சொன்னானே, அதே குறை. கேட்பதும் வேண்டும், படிப்பதும் வேண்டும். கணினியோடு இணைத்தால் புள்ளிகள் தாமே எழுந்து மடங்கும் கருவிகூட வந்திருக்கிறது. ஆனால் விலை தொழிலாளியின் கைக்கு எட்டாது.

சட்டம் இன்று பெஷெரேயின் பக்கம் நிற்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு நடத்தும் பள்ளியும் அரசின் உதவியோ ஏற்பிசைவோ பெற்ற பள்ளியும் இப்படிப்பட்ட பிள்ளையைப் பாகுபாடின்றிச் சேர்த்து, அதற்கேற்ற முறையிலே கற்பித்தாக வேண்டும். ஏற்ற மொழியையும் எழுத்தையும் தந்தாக வேண்டும். பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை 6 முதல் 18 வயது வரை பிள்ளைக்கு உண்டு. சிறப்பு ஆசிரியர் தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைக்கு ஒருவர், மேல்வகுப்புகளில் பதினைந்துக்கு ஒருவர் வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. அதற்கான பணியிடங்களை அறிவியுங்கள் என்று 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் சொல்ல நேர்ந்தது. மீண்டும் சொல்ல நேர்ந்தது என்பதிலேயே நிலைமை தெரிகிறதல்லவா? பள்ளித் தலைமையாசிரியரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நாற்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாய்க் கட்டிமேய்க்கிறவரிடம், புள்ளி எழுத்தையும் நீயே கற்றுக் கொடு என்றால் அவர் எங்கே போவார்? அனுப்ப வேண்டிய ஆளை அனுப்பச் சொல்லி, அனுப்ப வேண்டியவர்களிடம் கேட்கத்தான் நாம் இருக்கிறோம். உதவித்தொகை மனுவோடு இன்னொரு மனுவையும் அன்றே எழுதினோம். அதிலே பணம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மகளை அழைத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போவதாகத் தோழர் சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். அந்தச் சேணக்காரர் பலகையில் ஆணி அறைந்தாரே, அதைப் பற்றி ஒரு சந்தேகம் என்றார். ஆறு புள்ளி சரி, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடைவெளி எவ்வளவு, தலை எவ்வளவு தூக்கி நிற்க வேண்டும்?

இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர் அளவு, உயரம் அரை மில்லிமீட்டர் அளவு என்றோம். லேத் ஓட்டுகிறவர் முகத்திலே அன்று முதல்முறையாகத் தெளிவு வந்தது. அது நமக்குப் பெரிய வேலையில்லை, பித்தளைத் தகட்டிலேயே எழுப்பிவிடலாம் என்றார். சட்டைப் பையிலிருந்து பேருந்துச் சீட்டை எடுத்து, அதன் பின்புறம் அந்த இரண்டு அளவுகளையும் குறித்துக்கொண்டு போனார்.